ரேடியோ லைசென்ஸ் முதல் வைஃபை பூட்டு வரை

ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் வாங்கிய தலைமுறை நாம். இந்தப் பதிவுகளைப் படிக்கிற பலருக்கும் அந்தச் சின்னப் புத்தகம் நினைவிருக்கும். ஆண்டுதோறும் தபால் ஆபீஸ் ஜன்னலில் நின்று, பணம் கட்டி, முத்திரை குத்தி வாங்கி வருவோம். புதுச்சேரியில் எங்கள் அப்பா அதை வீட்டுப் பத்திரத்தோடும் ரேஷன் கார்டோடும் சேர்த்து டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருப்பார். சிலோன் ரேடியோவில் பாட்டுக் கேட்பதற்கு அரசாங்கத்தின் அனுமதி வேண்டும் என்பது அன்று யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை.

இன்று நம் வீட்டில் டிவிக்குப் பின்னாலோ, ஷோகேஸ் மேலேயோ இன்னொரு ரேடியோ உட்கார்ந்திருக்கிறது. பச்சை விளக்கை மினுக்கிக்கொண்டு, இரண்டு கொம்பை நீட்டிக்கொண்டு. நம் பழைய மர்ஃபி பெட்டி கேட்க மட்டும்தான் செய்தது. இது கேட்கவும் செய்கிறது, பேசவும் செய்கிறது. அதாவது இது ஒரு சின்ன ஒலிபரப்பு நிலையம். அப்பா காலத்தில் அனுமதி இல்லாமல் இப்படி ஒன்றை வீட்டில் வைத்திருந்தால் போலீஸ் வந்து தூக்கிக்கொண்டு போயிருக்கும். இன்று இதற்கு லைசென்ஸ் கிடையாது, பதிவு கிடையாது. வைஃபை ரௌட்டர் என்று பெயர்.

துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் எங்கள் திருவொற்றியூர்த் தெருவிலேயே இருக்கிறார். அவர் கேட்டார்: “ஏன் சார், லாரித் தண்ணி வந்தா பக்கத்து வீட்டுக்கும் நாலு குடம் புடிச்சு வெக்கிற தெரு இது. கண்ணுக்கே தெரியாத வைஃபைக்குப் போய் எதுக்கு சார் பூட்டு?”

கேள்வியில் நியாயம் இருக்கிறது. பதில் சொல்லக் கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டும். அந்தக் கதையில் நம் சென்னைத் துறைமுகமும் வருகிறது.

சுவர் தடுக்காது

1895இல் கல்கத்தா டவுன் ஹாலில் ஜகதீஷ் சந்திர போஸ் ஒரு பரிசோதனை செய்து காட்டினார். ஓர் அறையிலிருந்து மின்காந்த அலையை அனுப்பினார். சுவருக்கு அப்பால், தூரத்து அறையில் மணி அடித்தது, வெடிமருந்து பற்றிக்கொண்டது. கூட்டம் வாய்பிளந்தது. நம் வைஃபையின் குணம் முழுவதும் அந்த ஒரு காட்சியில் இருக்கிறது. அலைக்குச் சுவர் ஒரு பொருட்டில்லை. நம் வீட்டு எல்லை எது என்று பத்திரத்தில் சர்வே நம்பரோடு எழுதியிருக்கலாம். அலை பத்திரம் படிப்பதில்லை. ராயபுரத்திலும் காசிமேட்டிலும் இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர் உள்ள தெருக்களை எண்ணிப் பாருங்கள். அங்கே ஒரு வீட்டு ரௌட்டரின் அலை இந்தப் பக்கம் இரண்டு வீடு, அந்தப் பக்கம் இரண்டு வீடு, மேல் மாடி, கீழே தெருவில் நிற்கும் ஆட்டோ வரை போகும்.

போஸ் இதைக் காசாக்க நினைக்கவில்லை. மார்க்கோனி நினைத்தார். தம்முடைய கம்பியில்லாத் தந்தியை மற்றவர் ஒட்டுக்கேட்க முடியாது, குறுக்கிட முடியாது என்று அவர் தரப்பில் சொல்லி வந்தார்கள். 1903 ஜூன் மாதம் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இதற்கு ஒரு செயல்விளக்கம். மேடையில் பேராசிரியர் ஃபிளெமிங். மார்க்கோனி தொலைவில் கார்ன்வால் கடற்கரையிலிருந்து செய்தி அனுப்ப வேண்டும். அந்தச் செய்தி வருவதற்கு முன்னால் கருவி தானாகத் தட்டத் தொடங்கியது. மோர்ஸ் குறியீட்டில் வந்த சொல் ‘எலிகள்’. அதுவே மறுபடி மறுபடி வந்தது. பிறகு மார்க்கோனியைக் கிண்டல் செய்யும் வரிகள். அனுப்பியவர் நெவில் மாஸ்கலின் என்ற மேடை மந்திரவாதி. பத்திரமானது என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கும் ஒன்று பத்திரமானதல்ல என்பதைக் காட்டவே செய்தேன் என்று அவர் வெளிப்படையாகவே சொன்னார். கம்பியில்லாத் தொடர்பில் அத்துமீறிப் புகுந்த முதல் ஆள் அவர்தான் என்று பலர் எழுதுகிறார்கள். வைஃபைக்கு ஏறத்தாழ நூறு வருஷம் முந்தைய கதை இது.

எம்டன் காதுகொடுத்த கதை

வட சென்னைக்காரர்களுக்கு எம்டனைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. பலே ஆளைப் பார்த்து ‘சரியான எம்டன்’ என்று இன்னும் சொல்கிறோம். 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மன் போர்க்கப்பல் துறைமுகத்துக்கு எதிரே வந்து நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசியது. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் பற்றி எரிந்தன. உயர் நீதிமன்றச் சுவரில் அதன் நினைவுக் கல் இருக்கிறது. ஊரைக் காலிசெய்து ஓடியவர்கள் கதை நம் தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டதுதான்.

அதிகம் பேசப்படாத ஒரு சங்கதி, எம்டனின் கம்பியில்லாத் தந்தி அறை. வங்காள விரிகுடாவில் பெரும்பாலான நாட்கள் தளபதி ஃபான் முல்லர் தம் கருவியைப் பேசவிடவில்லை. கேட்க மட்டும் விட்டார். வணிகக் கப்பல்களும் கரை நிலையங்களும் தாராளமாகப் பேசிக்கொண்டிருந்தன. குறி வலுவாகக் கேட்டால் கப்பல் கிட்டத்தில் இருக்கிறது, மெலிந்து கேட்டால் தூரத்தில் இருக்கிறது. இப்படிக் காதுகொடுத்துக் கேட்டே அது இரையைத் தேடியது, எதிரியிடமிருந்து தப்பியது. அக்டோபர் 28 அன்று பினாங்குத் துறைமுகத்தில் ரஷ்யாவின் ஷெம்சுக் என்ற கப்பலையும், வெளியே வரும்போது பிரான்ஸின் மூஸ்கே என்ற கப்பலையும் மூழ்கடித்தது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு எம்டன் என்றால் மூஸ்கேயும் கூடவே ஞாபகம் வரும்.

அதே எம்டன் சிக்கியதும் அதே அலையால்தான். நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுத் தந்தி நிலையத்தை அழிக்கப் போயிற்று. தன் நிலக்கரிக் கப்பலை அழைக்க அது வாய் திறந்தது. தீவிலிருந்த ஊழியர்கள் அந்த அந்நியக் குறியைக் கேட்டார்கள். அறிமுகமில்லாத கப்பல் வந்திருக்கிறது என்று உடனே தந்தி கொடுத்தார்கள். அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி திரும்பி வந்து எம்டனை முடித்துவைத்தது.

அலையில் விடுவது எதுவும் நாம் நினைத்த ஆளுக்கு மட்டும் போவதில்லை. கேட்கும் தூரத்தில் இருக்கிற எல்லோருக்கும் போகிறது. அதைக் கேட்டுப் புரிந்துகொள்ளாமல் இருக்க ஒரு மறைகுறியீடு வேண்டும். யார் பேசலாம் என்பதற்கு ஓர் அனுமதி வேண்டும். இந்த இரண்டும்தான் வைஃபை கடவுச்சொல் செய்கிற வேலை.

சாவி சர்க்காரிடம் இருந்த காலம்

அனுமதி தரும் வேலையை அரசாங்கம் ரொம்ப நாள் தன் கையிலேயே வைத்திருந்தது. 1885ஆம் ஆண்டு தந்திச் சட்டம் ஒன்று. அதற்கு மேல் 1933ஆம் ஆண்டு கம்பியில்லாத் தந்திச் சட்டம். இந்த இரண்டாவது சட்டத்தின்படி, கருவியைப் பயன்படுத்துவது இருக்கட்டும், உரிமம் இல்லாமல் கையில் வைத்திருப்பதே குற்றம். அப்பாவின் டிரங்குப் பெட்டியில் இருந்த புத்தகத்துக்கு மூலம் இதுதான்.

சென்னையில் ஒலிபரப்பு 1924இல் கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியில் தொடங்கிய மதராஸ் மாகாண ரேடியோ கிளப்பில் ஆரம்பிக்கிறது. காசு இல்லாமல் 1927இல் அது மூடியது. 1930இல் மாநகராட்சி அந்தக் கருவியை வைத்து ஒலிபரப்பை ஏற்று நடத்தியது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்து, பெட்டி வாங்க வசதி இல்லாத ஜனங்களும் கேட்கும்படி செய்தார்கள். 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது. ரேடியோ லைசென்ஸ் 1980களில் ஒழிந்தது.

பிறகு ஒரு பெரிய மாற்றம் சத்தமில்லாமல் நடந்தது. 2005 ஜனவரியில் மத்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறைந்த சக்தியில் இயங்கும் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என்று அறிவித்தது. வைஃபை இந்த அலைவரிசையிலும் ஓடுகிறது. பழைய 1885, 1933 சட்டங்களுக்குப் பதிலாக 2023இல் புதுத் தொலைத்தொடர்புச் சட்டமும் நிறைவேறிவிட்டது. சர்க்கார் சாவியைக் கீழே வைத்துவிட்டது. அதை யார் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று மக்களுக்கு யாரும் தண்டோரா போட்டுச் சொல்லவில்லை. அது தெரியவந்த விதம் கொடுமையானது.

2008

2008 ஜூலை 26. அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்னால் தொலைக்காட்சி நிறுவனங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அது எந்த இணைப்பிலிருந்து வந்தது என்று போலீஸ் தேடிப் போனபோது நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கர் வீட்டில் போய் நின்றது. கம்ப்யூட்டரைக் கைப்பற்றினார்கள், விசாரணை நாட்கணக்கில் நடந்தது, பெயர் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. கடைசியில், அவருடைய வைஃபை வழியாக வேறு யாரோ அனுப்பியிருக்கிறார்கள் என்ற முடிவுக்கு வந்தார்கள். ஆகஸ்டில் அடுத்த மின்னஞ்சல் மும்பை மாதுங்காவில் ஒரு கல்லூரியின் இணைப்பிலிருந்து போனது. செப்டம்பர் 13, டெல்லி குண்டுவெடிப்பு நாளில் வந்த மின்னஞ்சல் செம்பூரில் ஒரு தனியார் நிறுவனத்தின் வைஃபையிலிருந்து. மூன்று தடவையும் இணைப்புக்குச் சொந்தக்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது.

ஏன் போலீஸ் முதலில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறது? ஆபீஸ் பாஷையில் சொல்கிறேன். இணைய நிறுவனம் ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. எந்த நாள், எந்த நிமிடம், எந்த ஐபி எண் எந்த வாடிக்கையாளர் இணைப்புக்குக் கொடுக்கப்பட்டது என்று அதில் இருக்கும். உங்கள் வீட்டில் பத்து செல்போன் இருந்தாலும், தெருவில் நிற்பவன் பதினோராவதாகச் சேர்ந்துகொண்டாலும், வெளி உலகத்துக்குத் தெரிவது பெரும்பாலும் ரௌட்டரின் அந்த ஒரே எண்தான். பதிவேட்டில் இருப்பது உங்கள் பெயர், உங்கள் கதவு எண். அலுவலகத்தில் வெளியே போன தபால் எல்லாவற்றிலும் மேலதிகாரி பெயர் இருப்பது போல. எழுதியவர் யார் என்பதைப் பிறகு நாம்தான் நிரூபிக்க வேண்டும்.

2009 ஜனவரியில் மும்பை போலீஸ் தெருத்தெருவாகப் போய்ப் பூட்டாத வைஃபைகளைக் கண்டுபிடித்து நோட்டீஸ் கொடுப்போம் என்று அறிவித்தது. பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை இணைய நிறுவனங்களுக்கு உத்தரவு அனுப்பியது. ரயில்வே ஸ்டேஷனில் இலவச வைஃபை வேண்டுமென்றால் செல்போனுக்கு வரும் எண்ணைப் போடச் சொல்கிறார்களே, அந்த ஏற்பாட்டின் வேர் அங்கே இருக்கிறது. யார் உள்ளே வந்தார் என்பதற்கு ஒரு வரியாவது பதிவு இருக்க வேண்டும் என்பதுதான் கருத்து.

பிரான்ஸில் நடந்தது

பிரான்ஸில் குடியேறிய என் சித்தப்பா மகன் இங்கே வந்து இறங்கினால் செருப்பைக் கழற்றும்போதே, “அண்ணே, வீஃபீ கோட் சொல்லுங்க” என்பான். அங்கே வைஃபையை ‘வீஃபீ’ என்றுதான் சொல்வார்கள். அவன் அதை அப்படித் தேடுவதற்கும், தன் வீட்டுக் கோடை யாருக்கும் லேசில் சொல்லாததற்கும் ஒரு சட்டப் பின்னணி உண்டு.

2009இல் பிரான்ஸில் ‘அதோப்பி’ என்ற சட்டம் வந்தது. இணையத்தில் பாட்டும் படமும் திருட்டுத்தனமாக இறக்குவதைத் தடுக்க வந்தது அது. யார் இறக்கினார் என்று நிரூபிப்பது கஷ்டம் என்பதால், தன் இணைப்பைப் பாதுகாக்காமல் விட்ட வீட்டுக்காரரையே பிடித்தார்கள். ‘நெக்லிழான்ஸ் கரக்தெரிஸே’ என்று அதற்குச் சட்டப் பெயர். அப்பட்டமான கவனக்குறைவு என்று சொல்லலாம். முதலில் மின்னஞ்சலில் எச்சரிக்கை, பிறகு பதிவுத் தபால், அதன் பிறகு நீதிமன்றம். 2012 செப்டம்பரில் பெல்ஃபோர் என்ற ஊரில் ஒரு தொழிலாளிக்கு 150 யூரோ அபராதம் விழுந்தது. பாட்டை இறக்கியது அவர் மனைவி என்று விசாரணையில் தெரிந்தும், இணைப்பு அவர் பெயரில் இருந்ததால் அபராதம் அவருக்கு. இணைப்பையே துண்டிக்கும் தண்டனையும் முதலில் இருந்தது. அதிகம் என்று 2013 ஜூலையில் எடுத்துவிட்டார்கள்.

பக்கத்து ஜெர்மனியில் 2010 மே மாதம் உயர்ந்த நீதிமன்றம் ஒன்று இன்னும் நுணுக்கமாகத் தீர்ப்பளித்தது. வழக்கில் சிக்கியவர் சம்பவ நாளில் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தார். பூட்டிய வீட்டின் வைஃபையில் வேறு யாரோ புகுந்திருக்கிறார்கள். அவர் நஷ்ட ஈடு தர வேண்டாம் என்றது நீதிமன்றம். ஆனால் ரௌட்டரில் கம்பெனி போட்டுக் கொடுத்த கடவுச்சொல்லை மாற்றாமலே விட்டது தவறு, தனக்கென்று ஒன்றை வைத்துக்கொள்வது வீட்டுக்காரர் கடமை என்று சொன்னது. பின்னால் அந்நாட்டில் சட்டத்தைத் தளர்த்தினார்கள் என்றாலும், ‘கம்பெனி கொடுத்த சாவி சாவியே இல்லை’ என்ற அந்தக் கருத்து எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது. நம் நாட்டில் அதற்கு ஓர் உதாரணம் சில வருஷம் கழித்து வந்தது.

2017 ஜூலையில் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் வாடிக்கையாளர்களின் மோடம்கள் திடீரென்று செயலிழந்தன. காரணம், ஒரு தீய நிரல். ‘அட்மின்’ என்ற பயனர் பெயர், அதே ‘அட்மின்’ என்ற கடவுச்சொல், அதாவது தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருந்த மோடம்களைத் தேடி அது உள்ளே புகுந்தது. கடவுச்சொல்லை மாற்றுங்கள் என்று நிறுவனம் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டு மிராய் என்ற நிரலும் இதே வழியில்தான் உலகம் முழுக்க இருந்த கேமராக்களையும் ரௌட்டர்களையும் பிடித்தது. அறுபது சொச்சம் தொழிற்சாலைக் கடவுச்சொற்கள் கொண்ட ஒரு பட்டியல், அவ்வளவுதான் அதன் ஆயுதம்.

பூட்டுக்கும் வயசாகும்

1990களின் கடைசியில் வைஃபைக்கு வந்த முதல் பூட்டின் பெயர் டபிள்யூஇபி. கம்பிக்குச் சமமான அந்தரங்கம் என்று பெயருக்குப் பொருள். 2001இலேயே அதன் அடிப்படைக் கணக்கில் ஓட்டை இருப்பதை ஆராய்ச்சியாளர்கள் எழுதிவிட்டார்கள். 2007இல் ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் ஒரு நிமிடத்துக்குள் திறந்து காட்டினார்கள். அதே ஆண்டு அமெரிக்காவில் ஒரு பெரிய கடைத் தொடர் தன்னிடமிருந்து 4.57 கோடி வங்கி அட்டை எண்கள் திருடுபோனதாகச் சொன்னது. திருடர்கள் நுழைந்த வழி, கடைகளில் இருந்த இந்தப் பழைய பூட்டு போட்ட வைஃபை. 2003இல் டபிள்யூபிஏ வந்தது, 2004இல் டபிள்யூபிஏ-2. அது பதின்மூன்று வருஷம் தாக்குப்பிடித்தது. 2017இல் பெல்ஜியத்து ஆய்வாளர் ஒருவர் அதிலும் ஒரு குறையைக் காட்டினார். அதை மென்பொருள் திருத்தம் மூலம் சரிசெய்துவிட்டார்கள். 2018இல் டபிள்யூபிஏ-3 வந்தது.

இவ்வளவு பெயரும் நினைவில் வைக்க வேண்டாம். பத்து வருஷத்துக்கு முந்தைய ரௌட்டர் என்றால் அதன் பூட்டு எது என்று ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். டபிள்யூஇபி என்றிருந்தால் பூட்டே இல்லை என்று அர்த்தம்.

நம் வீட்டில் செய்ய வேண்டியது

அரசு அலுவலகத்தில் ஒரு பழக்கம் உண்டு. பீரோவுக்கு இரண்டு சாவி. ஒன்று புழக்கத்தில் இருக்கும். இன்னொன்றை உறையில் போட்டு, அரக்கு முத்திரை வைத்துத் தனியாகப் பத்திரப்படுத்துவோம். யார் வாங்கினார், யார் கொடுத்தார் என்று பதிவேட்டில் இருக்கும். வைஃபைக்கும் இதே கணக்குதான்.

முதலாவது, ரௌட்டருக்குச் சாவி இரண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. விருந்தாளிக்குச் சொல்லும் வைஃபை கடவுச்சொல் தெருக்கதவுச் சாவி. ரௌட்டரின் அமைப்புகளையே மாற்றும் கடவுச்சொல் பீரோச் சாவி. இரண்டாவது சாவி ‘அட்மின்’ என்றே இருந்தால், உள்ளே வந்த யாரும் நம்மை வெளியே தள்ளிவிட்டுப் பூட்டையே மாற்றலாம். வங்கியின் பெயரைத் தட்டினால் போலிப் பக்கத்துக்குக் கொண்டுபோகும்படி வழிகாட்டியை மாற்றி வைக்கலாம். வங்கிப் பக்கங்களுக்குத் தனியாக மறைகுறியீடு இருக்கிறது, அதனால் பீதியடைய வேண்டாம். எச்சரிக்கை காட்டும் பக்கத்தில் மேலே போகாதீர்கள். நம் பகுதியில் இணைப்பு கொடுப்பவர் பெரும்பாலும் கேபிள்காரர்தான். அவரையே உட்காரவைத்து இரண்டையும் மாற்றச் சொல்லுங்கள். சொல்லைத் தட்டுவது உங்கள் கையாக இருக்கட்டும்.

இரண்டாவது, சொல் நீளமாக இருக்க வேண்டும். 8 எழுத்திலிருந்து 63 எழுத்து வரை இடம் உண்டு. செல்போன் எண், கதவு எண், பேத்தி பெயர், பிறந்த வருஷம் எல்லாம் வேண்டாம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் நமக்கு ஞாபகம் இருக்கும், அடுத்தவருக்கு ஊகிக்க முடியாது. நோட்டில் எழுதி பீரோவில் வையுங்கள். எழுதி வைப்பது தப்பு என்று இளைஞர்கள் சொல்வார்கள். நம் பீரோவை உடைக்கிற திருடனுக்கு வைஃபை கடவுச்சொல் தேவைப்படாது.

மூன்றாவது, வைஃபையின் பெயரில் வீட்டு எண்ணோ குடும்பப் பெயரோ வேண்டாம். பெயரை மறைத்து வைப்பதாலும் பெரிய பலன் இல்லை. தேடுகிறவனுக்கு அது தெரிந்துவிடும்.

நான்காவது, ரௌட்டரில் டபிள்யூபிஎஸ் என்று ஒரு பொத்தான் இருக்கும். கடவுச்சொல் இல்லாமல் 8 இலக்க எண்ணில் சேர்வதற்கான குறுக்கு வழி. அந்த எண்ணை இரண்டு பாதியாகப் பிரித்துச் சரிபார்ப்பதால் கோடிக்கணக்கான முயற்சிக்குப் பதில் சுமார் 11,000 முயற்சியிலேயே திறந்துவிடலாம் என்று 2011 டிசம்பரில் தெரியவந்தது. அதை அணைத்துவிடச் சொல்லுங்கள்.

ஐந்தாவது, ரௌட்டரின் மென்பொருள் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படி வைக்கச் சொல்லுங்கள். குடித்தனக்காரர் காலி செய்துகொண்டு போனால், தாழ்ப்பாளைச் சரிபார்ப்பது போல வைஃபை சொல்லையும் மாற்றிவிடுங்கள். செல்போனில் காட்டும் கட்டம் போட்ட கியூஆர் படமும் சாவிதான். அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டால் சாவியைக் கோயில் வாசலில் மாட்டியதாக அர்த்தம்.

கடைசியாக, என் துறைமுக நண்பரின் கேள்விக்கு வருகிறேன். தண்ணீரைப் பங்கிட்டுக்கொள்ளும் தெரு வைஃபையைப் பங்கிடக் கூடாதா? தாராளமாகப் பங்கிடலாம். இப்போது வரும் ரௌட்டர்களில் பெரும்பாலானவற்றில் ‘கெஸ்ட்’ என்று விருந்தினருக்கான தனி வலையமைப்பு இருக்கிறது. அதற்குத் தனிப் பெயர், தனிக் கடவுச்சொல். அதில் சேர்ந்தவருக்கு இணையம் கிடைக்கும். நம் கம்ப்யூட்டர், கேமரா, பிரின்டர் பக்கம் வர முடியாது. திண்ணையில் உட்காரவைப்பது போல. வெளி உலகப் பதிவேட்டில் அப்போதும் நம் பெயர்தான் இருக்கும் என்பதால், முகம் தெரிந்தவருக்கு மட்டும் கொடுக்க வேண்டும்.

எங்கள் மாடியில் குடியிருக்கும் பெண் அரசுத் தேர்வுக்குப் படிக்கிறாள். செல்போனில் டேட்டா தீர்ந்துவிட்டால் அவளுக்கு வகுப்பு நின்றுபோகும். அவளுக்கு விருந்தினர் சொல் கொடுத்திருக்கிறோம். யாருக்கு, எந்தத் தேதியில் கொடுத்தோம் என்று அதே நோட்டில் ஒரு வரி எழுதியிருக்கிறேன். ஆபீஸ் புத்தி போகாதே. நண்பர் வீட்டிலும் இப்போது அப்படித்தான். கேபிள்காரர் அங்கே செய்து முடிக்க எடுத்துக்கொண்ட நேரம் பதினைந்து நிமிடம். காபி குடித்த நேரத்தையும் சேர்த்து.

இந்த ஞாயிற்றுக்கிழமை பேரன் பேத்தி வந்தால், போனை வாங்குவதற்கு முன்னால் அந்தப் பதினைந்து நிமிடத்தைக் கேட்டு வாங்குங்கள். ரௌட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் படிக்கச் சொல்லுங்கள். அந்தச் சீட்டில் இருக்கும் சொல்லே இன்னும் சாவியாக இருந்தால், வேலையை அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.